நூற்றுப் பதினான்காம் எண்

ஜனவரி 4, ஞாயிறு

எங்கள் ஜவுளிக் கடையில் வருஷா வருஷம் டைரி கொடுப்பார்கள். நான் அதில் கோலம் போட்டுப் பார்ப்பேன், அவ்வளவுதான். இந்த வருஷம் எனக்கு இரண்டு வந்துவிட்டது. ஒன்று என் பெயருக்கு, இன்னொன்று வடிவு பெயருக்கு. மதுரை ஹெட் ஆபீசில் தீபாவளிக்கு முன்பே பெயர்ப் பட்டியலை அடித்துவிட்டார்களாம். வடிவு போனது கார்த்திகை மூன்றாம் தேதி. அது டைரிக்குத் தெரியாது.

என் டைரியை, கடையில் என்னோடு நிற்கிற ஜெபமலருக்குக் கொடுத்துவிட்டேன். வடிவு டைரியில் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் அச்சிலேயே இருக்கிறது: சண்முகவடிவு, எண் 114, இன்சார்ஜ், காட்டன் பிரிவு, தென்காசி கிளை.

என் பெயர் பிரமநாயகி. ஏழாம் வகுப்போடு சரி. வடிவு என் வீட்டுக்காரருக்குத் தங்கை. கல்யாணம் சரிப்படாமல் திரும்பி வந்து பதினோரு வருஷம் எங்களோடுதான் இருந்தாள். என்னைக் கடை வேலைக்கு இழுத்ததும் அவள்தான். “வீட்ல இருந்து எங்கூட சண்ட போடுததுக்கு, கடைல வந்து போடுங்க மதினி. சம்பளமாவது வரும்” என்றாள்.

சம்பளம் வந்தது. சண்டையும் குறையவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

எழுத உட்கார்ந்ததே ஒரு காரணத்துக்காகத்தான். அதைச் சொல்லிவிடுகிறேன். வடிவு இருந்த இன்சார்ஜ் வேலை எனக்கு வர வேண்டும். மேனேஜர் சங்கரலிங்கம் சார் டிசம்பரிலேயே என் பெயரை எழுதி மதுரைக்கு அனுப்பிவிட்டார். உத்தரவு மட்டும் வரவில்லை.

எங்களுக்குப் பச்சைச் சேலை, இன்சார்ஜுக்கு அரக்குச் சேலை. பச்சை நிக்கும், அரக்கு உக்காரும் என்பாள் வடிவு. கடை ஆள்களை உட்கார விட வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு எங்களுக்கும் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், நாலு பேருக்கு ஒன்று. அதில் ஒருத்தி உட்கார்ந்தால் மற்ற மூன்று பேரும் அவளையே பார்ப்போம். அவளே எழுந்துவிடுவாள். இன்சார்ஜுக்குச் சாய்ந்துகொள்கிற நாற்காலி உண்டு. இப்போது அது காலியாகக் கிடக்கிறது.

எனக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, “நீ நிக்கிற வேலையை விடு. இல்லேன்னா ஒருநாள் கால் உன்ன விட்டுரும்” என்றார். இன்சார்ஜ் ஆனால் வேலையில் இருப்பேன். இல்லாவிட்டால் இந்த வருஷத்தோடு வீட்டுக்குத்தான். வீட்டில் இப்போது பகலில் யாரும் இல்லை, சண்டை போடக்கூட.

“பொங்கலுக்குள்ள வந்துரும்மா” என்கிறார் சார்.

ஜனவரி 12, திங்கள்

பொங்கல் கூட்டம். வாயும் கையும் ஓயவில்லை. மத்தியானச் சாப்பாட்டை நாலரைக்குச் சாப்பிட்டேன். ரசஞ்சோறு ஊறிக் கஞ்சி மாதிரி ஆகியிருந்தது.

சேலை விற்றால் ஒரு துண்டுச் சீட்டில் நம் எண்ணை எழுதி மடிப்புக்குள் செருகி பில் போடுகிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். யார் எத்தனை விற்றார்கள் என்று கம்ப்யூட்டர் கணக்கு வைத்துக்கொள்ளும். என் எண் 131. போன வருஷம் வடிவு புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ள மாதத்தில் பத்து நாள் திருநெல்வேலிக்குப் போய்விடுவாள். எண்ணில் விற்பனை விழுந்தால் ஆளை மாற்றிவிடுவார்கள் என்று நான் பாதிச் சீட்டில் 114 போட்டேன். இரண்டு பேரும் பேசி வைத்துச் செய்ததுதான். “ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே ஒம்பது சேல வித்திருக்கேன் மதினி. என்ன மாதிரி உண்டா?” என்று ஊசிக் கையைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாள்.

இன்றும் அந்தக் கடுகு நிறச் சேலையை ஆறு பேருக்கு விரித்துக் காட்டினேன். இரண்டு வருஷமாக யாரும் எடுக்காத சேலை. நிறம் கடுகா, கரப்பான் பூச்சியா என்று ஜெபமலருக்கு இன்னும் சந்தேகம். இதை விற்காமல் நான் ரிட்டயர் ஆக மாட்டேன் என்று வடிவு சபதம் போட்டிருந்தாள்.

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் போய்விட்டது. உத்தரவு வரவில்லை.

“அடுத்த வாரம் உறுதி. மதுரைல எல்லாம் லீவு முடிஞ்சு வந்துட்டாவ” என்றார் சார். அவர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னால் அது உண்மை, தடவாமல் சொன்னால் ஆறுதல். இன்று தடவினார்.

அதனால் வீட்டுக்கு வந்ததும் வடிவின் பெட்டியைத் திறந்தேன். அரக்குச் சேலை நாலும் எனக்குத்தான் என்று அவளே சொல்லிவிட்டுத்தான் போனாள். “சேல சரி மதினி. ஜாக்கெட்டுதான் பாவம், உங்கள உள்ள விடணும்னா நெறைய பிரிக்கணும்” என்று சொன்னாள். சொல்லும்போது அவளுக்குத் தலை நிமிர்த்தக்கூடத் தெம்பில்லை. வாய் மட்டும் குறையவில்லை.

ஜாக்கெட்டின் பக்கத்தில் நாலு வரிசைத் தையல் இருக்கிறது. அவள் மெலிய மெலிய நான்தான் பிடித்துத் தைத்தேன். முதல் தையல் ஆடி மாதம். நாலாவது ஐப்பசி. எல்லாவற்றையும் பிரித்தால் என் அளவுக்கு வரும்.

இன்று நாலாவது தையலை மட்டும் பிரித்தேன். கண் மங்கலாகிவிட்டது. கண்ணாடி மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 2, திங்கள்

ஜனவரி விற்பனைத் தாள் வந்தது. அதில் பச்சைச் சேலை ஆள்களின் விற்பனை மட்டும்தான் இருக்கும், இன்சார்ஜின் விற்பனை நேராக மதுரைக்குப் போய்விடும். ஜெபமலர் அதை எல்லாருக்கும் முன்னால் வாசித்தாள். அவளுக்கு மைக் இல்லாமலே மைக்.

“அக்கா, 131-ல அம்பத்திரண்டு சேலதான் காட்டுது! பொங்கல் வாரத்துலயே நீங்க அம்பது மடிச்சத நான் பாத்தேன். எலி கிலி தின்னுட்டா?”

“எலிக்குப் பொங்கலுக்குப் புதுசு எடுத்திருப்பாங்க” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

சார் மட்டும் சிரிக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டார். “எம்மா, துக்கம் இருக்கும். எனக்குப் புரியுது. ஆனா மதுரைக்காரன் துக்கத்தப் பாக்க மாட்டான், நம்பரத்தான் பாப்பான். கொஞ்சம் ஊக்கமா நில்லு.”

நிற்கிறேன் சார் என்றேன். பத்து மணி நேரமாக வேறென்ன செய்கிறேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

கால் வலி. தைலம். எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 11, புதன்

செங்கோட்டையிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார்கள். வருஷத்துக்கு மூன்று தடவை வருவார்கள். வேறு யார் காட்டினாலும் எடுக்க மாட்டார்கள், வடிவுதான் காட்ட வேண்டும்.

“அந்த மெலிசா, சிரிச்சமாதிரியே இருக்குமே, அந்தப் பொண்ண எங்க?”

“லீவும்மா.”

“எப்ப வரும்?”

“வந்துருவா. ரெண்டு மாசம் ஆவும்.”

“சரி, அப்ப சித்திரைக்கே வாரேன்” என்று ஒன்றும் எடுக்காமல் போய்விட்டார்கள். ஜெபமலர் என்னையே பார்த்தாள். என்னட்டி பாக்க, வேலையப் பாரு என்றேன். அவள் கொடி கட்டின மாதிரி சேலைகளை விரித்துப் போட்டிருந்தாள், எல்லாவற்றையும் நானே மடித்தேன். மடிக்கிற வேலையில் ஒரு நன்மை, தலை குனிந்தே இருக்கலாம்.

பிப்ரவரி 18, புதன்

மதுரையிலிருந்து பதில் வந்துவிட்டது. சார் காகிதத்தை என் முன்னாலேயே வாசித்தார்.

“தென்காசி கிளை காட்டன் பிரிவில் இன்சார்ஜ் இடம் காலியாக இல்லை. எண் 114 தொடர்ந்து விற்பனையில் உள்ளார். ஆகவே தங்கள் பரிந்துரை நிறுத்தி வைக்கப்படுகிறது.”

சார் தலையில் அடித்துக்கொண்டார். “பாத்தியா கூத்த! வடிவு எறந்து மூணு மாசமாச்சு, பி.எஃப். பணம் வாங்கி முடிச்சாச்சு. சம்பளம் பாக்கவன் மேல்மாடி, விற்பன பாக்கவன் கீழ்மாடி. ரெண்டு பேரும் பேசிக்கிடமாட்டானுவ போல. கம்ப்யூட்டர் கோளாறும்மா, வேற ஒண்ணுமில்ல. இன்னைக்கே எழுதிப் போடுதேன்.”

சரி சார் என்றுவிட்டு மடிக்கிற வேலைக்குப் போய்விட்டேன்.

வரும் வழியில் அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கினேன். பிஞ்சாக இருந்தது.

பிப்ரவரி 19, வியாழன்

வெண்டைக்காய்ப் பச்சடியில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். அவர் மினி பஸ் ஓட்டுகிறார், பஸ்ஸில் இருக்கிற சத்தமெல்லாம் போதும் என்று வீட்டில் வாயைத் திறப்பதில்லை. வடிவு இருந்தால், “எண்ணே, குத்தாலத்துல தண்ணி வரல, கடல்ல இருந்து கொண்டாந்து ஊத்திட்டாவ ஒம் பொண்டாட்டி” என்றிருப்பாள்.

மார்ச் 9, திங்கள்

சார் மறுபடி எழுதினார். மதுரையிலிருந்து இன்னும் மூச்சில்லை. ராஜபாளையம் கிளையில் தனலெட்சுமி என்று ஒருத்தி இருக்கிறாளாம். சித்திரை பிறந்து ஒரு வாரத்துக்குள் இங்கே முடிவாகாவிட்டால் அவளை அனுப்பிவிடுவார்களாம்.

“அவ நெறத்துக்கு அரக்கு எடுக்காதுக்கா” என்று ஜெபமலர் ஆறுதல் சொன்னாள். தனலெட்சுமியை அவள் பார்த்ததே கிடையாது.

“எனக்கு மட்டும் எடுக்குமா?”

“உங்களுக்கும் எடுக்காது. ஆனா நீங்க நம்ம ஆளுல்லா.”

மார்ச் 17, செவ்வாய்

இன்று ஒரு முடிவோடு போனேன். இருபத்திரண்டு சேலை போயிற்று. இருபத்தொரு சீட்டில் 131 எழுதினேன். ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து எழுதினேன், பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி.

சாயங்காலம் வெயில் இறங்கி ஜன்னல் வழியாக அந்த நாற்காலியில் விழுந்தது. ரெக்சின் மேல் ஒரு சுருக்கம்கூட இல்லை. காலையிலிருந்து யாருமே வராத மாதிரி இருந்தது.

இருபத்திரண்டாவது சீட்டில் என்ன எழுதினேன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

மார்ச் 18, புதன்

நேற்றைய முடிவை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

என்ன நாள் இது. ஆற அமர எழுதுகிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதிகம் விற்றவர்களுக்கு மதுரையிலிருந்து பரிசு வரும். பெயர் எழுதின கவரை அரக்கு முத்திரை வைத்து அனுப்புவார்கள். கடை திறக்கும் முன், சாமி கும்பிட்ட பிறகு, எல்லார் முன்னாலும்தான் பிரிக்க வேண்டும். மேனேஜரே முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. பெரிய முதலாளி வைத்த வழக்கம்.

கீழ்த்தளத்தில் நூறு பேர் வரிசையாக நின்றோம். மேஜையில் அஞ்சு லிட்டர் குக்கர் பளபளவென்று இருந்தது. சார் கவரைப் பிரித்தார். பட்டுப் பிரிவு, ரெடிமேட் பிரிவு எல்லாம் வாசித்தார், கைதட்டினோம். பிறகு மைக்கில், “காட்டன் பிரிவு. மொதப் பரிசு. எண் நூத்திப் பதினாலு...” என்று நிறுத்தினார்.

மீசையைத் தடவவில்லை. கை அந்தரத்திலேயே நின்றது.

“...சண்முகவடிவு” என்று காகிதத்தில் இருந்ததை வாசித்துவிட்டார். வாசித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவருக்கே புரிந்தது போல.

பின்வரிசையில் ஒருத்தர் பழக்கத்தில் கை தட்டிவிட்டார். வாட்ச்மேன் தாத்தா, “அப்பமே சொன்னேன், ரெண்டாவது மாடில காட்டன் பக்கம் காலடிச் சத்தம் கேக்குன்னு” என்றார். ஜெபமலர், “யேசப்பா!” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கையை மெதுவாக எடுத்துவிட்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

சார் அறைக்கு நானாகத்தான் போனேன்.

“கம்ப்யூட்டர் கோளாறு இல்ல சார். நான்தான்.”

“என்னது நீதான்?”

“சீட்டுல 114 எழுதுனது நான்தான். அவ ஒடம்புக்கு முடியாம இருந்தப்ப எழுதுனது. அப்படியே எழுதிட்டேன்.”

சார் நாற்காலியில் விழுந்த மாதிரி உட்கார்ந்தார். “ஏ யம்மா! நாலு மாசமா நான் மதுரைக்காரனோட சண்ட போடுதேன். எடம் காலி, காலின்னு கத்துதேன். நீ இங்க அந்த எடத்துல ஆள உக்கார வச்சிருக்க! ஒனக்கு வார புரமோஷன நீயே அடச்சுக்கிட்டு நிக்கியே, எதுக்கும்மா?”

எதுக்கு என்று நான் யோசித்ததே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். “அந்த நம்பர எழுதாட்டா, அன்னைக்கு அவ கடைக்கு வரலன்னு ஆயிரும்லா சார்.”

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மூக்கைச் சீந்திவிட்டு, “இத நான் மதுரைக்கு எப்படிம்மா எழுத? செத்தவங்க சேல வித்தாவன்னா எழுத? நீயே ஒரு விளக்கம் எழுதிக் குடு. வேலையே போனாலும் போவும், அதையும் இப்பமே சொல்லிட்டேன்” என்றார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

விளக்கக் கடிதத்தின் நகல். நாலு தாள் கிழித்த பிறகு எழுதினது.

“ஐயா, நான் எண் 131. எண் 114 என் நாத்தனார். அவள் கார்த்திகை மாதம் இறந்துவிட்டாள். அதன் பிறகு அவள் எண்ணில் விற்ற சேலைகள் எல்லாம் நான் விற்றவை. யாரையும் ஏமாற்ற எழுதவில்லை. அந்தப் பரிசு எனக்கும் வேண்டாம். சேலை எல்லாம் உண்மையாகவே விற்ற சேலைதான், அதில் குறை இல்லை. தப்பு என்னுடையது. இப்படிக்கு, பிரமநாயகி.”

வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். வேலை போகலாம் என்றும் சொன்னேன். அவர் கையில் எடுத்த உருண்டை வாய்க்குப் போகாமல் நின்றது.

“ஏட்டி, எந்தங்கச்சி எறந்த பொறவும் மொதப் பரிசு வாங்கிட்டாளா?”

“ஆமா. குக்கர்.”

சிரித்தார் பாருங்கள். கார்த்திகைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. புரை ஏறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “குக்கர் எங்க?” என்றார்.

ஏப்ரல் 10, வெள்ளி

பதில் இல்லை. கடையில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. வாட்ச்மேன் தாத்தாவுக்கு மட்டும் வருத்தம். பேய் இல்லை என்று ஆனதில் அவருக்குப் பெரிய நஷ்டம்.

இரண்டாவதாக வந்தவள் ஜெபமலர். அதனால் குக்கர் அவளுக்குப் போய்விட்டது. “அக்கா, மூணு விசில் வச்சா நாலு அடிக்குக்கா. ஒண்ணு வடிவக்கா கணக்குல” என்கிறாள். வாயைப் பார் இவளுக்கு. வடிவு பழக்கிவிட்ட வாய்.

ராஜபாளையம் தனலெட்சுமி தென்காசியில் வாடகைக்கு வீடு விசாரிக்கிறாளாம். கால் வீங்கியிருக்கிறது.

ஏப்ரல் 13, திங்கள்

பதினொரு மணிக்கு சார் மேலே ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. மதுரையிலிருந்து போன், என்னிடம்தான் பேச வேண்டுமாம்.

ஒரு பிள்ளை பேசினாள். குரல் சின்னதாக இருந்தது. “நீங்கதான் 131-ஆம்மா? உங்க லெட்டர இங்க எல்லாரும் வாசிச்சோம். நான் 114-அ கம்ப்யூட்டர்ல மூடணும். மூடுனாத்தான் எடம் காலின்னு காட்டும். பிரிவுல இருக்கவங்க ஒருத்தர் வாய்ச்சொல்லா சரின்னு சொல்லணும்கிறது விதி. மூடிரட்டுமா?”

சார் கையால் சொல்லு சொல்லு என்கிறார்.

“மூடுனா புரமோஷன் வந்துருமாம்மா?” என்று கேட்டேன்.

“அத நான் சொல்ல முடியாதும்மா. அது மேல முடிவு பண்ணுவாங்க. மூடலன்னா வராது, அது மட்டும் தெரியும்.”

“சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இருக்கட்டும்மா. ஆறு மணிக்கு மூடிருங்க.”

அந்தப் பக்கம் காகிதத்தில் எதையோ குறித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு, “சரிம்மா, ஆறு மணி” என்றாள்.

கடுகுச் சேலையைக் கையில் எடுத்தேன். வடிவு கடைசி நாளில் அதை விற்று, சபதத்தை முடித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். வந்தவர்களுக்கெல்லாம் விரித்தேன். ஒரு அம்மா, “இது சாவு வீட்டுக்கு எடுக்கதா?” என்று கேட்டார்கள். ஒருத்தி தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஓடினாள். ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்கால் ஆயிற்று. ஜெபமலர், “அக்கா, நானே எடுத்துக்கிடுதேன்” என்றாள். வேண்டாம் என்றேன். இரக்கப்பட்டு எடுத்தால் அது விற்பனை இல்லை. வடிவு ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ஆறுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது ஒரு அவசரக்காரி ஏறி வந்தாள். “நீலத்துல உள்பாவாட இருக்கா? பஸ்ஸுக்கு நேரமாச்சு.” இருந்தது. கொடுத்தேன். சீட்டில் 114 எழுதினேன். எழுத்து நன்றாக வந்தது.

வடிவின் கடைசி விற்பனை ஒரு நீல உள்பாவாடை. கேட்டிருந்தால் தரையில் உருண்டு சிரித்திருப்பாள்.

கடிகாரம் ஆறு ஆனதை நாங்கள் நாலு பேரும் நின்று பார்த்தோம். ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரைப் பிறப்பு. பாயசம் வைத்தேன். முந்திரி கருகிவிட்டது. மூன்று டம்ளர் எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

வந்துவிட்டது! மீசையைத் தடவிக்கொண்டே வாசித்தார் சார். மூன்று மாதத்துக்குத் தற்காலிக இன்சார்ஜ். எண்ணை மாற்றி எழுதினதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் கூடவே. ஒரே கவரில் பாராட்டும் திட்டும் வந்தது என் ஒருத்திக்குத்தான் என்றார். மூன்று மாதம் கழித்து நிரந்தரமாக ஆக்குவார்களா என்றால், “ஆக்குவாவ” என்றார், மீசையைத் தொடாமல்.

போகட்டும். மூன்று மாதம் உட்காருவேன்.

ஜெபமலர் மூன்றாம் மாடி வரை கேட்கிற மாதிரி விசில் அடித்தாள். குக்கர் வந்த பிறகு அவளுக்கு இது ஒரு பழக்கம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஜாக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் கேட்காமலே பிளேடு கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் வெட்டி விட்ட நூலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்.

புரட்டாசித் தையல். ஆவணித் தையல். ஆடித் தையல். ஆடியில் அவள் அவ்வளவாக மெலியவில்லை. “டயட்டுல இருக்கேம்னு சொல்லிருங்க மதினி” என்று கடையில் சொல்லச் சொன்னாள், நானும் சொன்னேன்.

எல்லாம் பிரிந்த பிறகும் துணியில் ஊசி போன தடம் நாலு வரிசை இருக்கிறது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. மூச்சை இழுத்தால் கொஞ்சம் பிடிக்கிறது, இழுக்காமல் இருந்தால் சரி.

“தெரியுதா?” என்று கேட்டேன்.

“முந்தானைய இழுத்து விட்டா தெரியாது” என்றார் அவர்.

ஏப்ரல் 20, திங்கள்

அரக்குச் சேலையில் முதல் நாள். ஜெபமலர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “நான் சொன்னேன்லா, உங்களுக்கு எடுக்கல” என்றாள். பிறகு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

உட்கார்ந்தேன். கால் இரண்டும் யாரோ கையில் ஏந்தினது மாதிரி இருந்தது. இரண்டு நிமிஷம் இருக்காது. செங்கோட்டை டீச்சரம்மா படியேறி வந்தார்கள். எழுந்துவிட்டேன்.

“சித்திரைக்கு வாரேன்னு சொன்னேன்லா? எங்க அந்தப் பொண்ணு? லீவு முடிஞ்சுதா?”

ஜெபமலர் மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

“அவ இல்லம்மா. கார்த்திகைலயே தவறிட்டா.”

டீச்சரம்மா கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டார்கள். “போன தடவ லீவுன்னு சொன்னீங்களே?”

“நான்தாம்மா அவளுக்கு லீவு போட்டுக் குடுத்துட்டிருந்தேன்.”

அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். சேலையைப் பார்த்தார்கள். இந்த நிறத்தில் வேறு யாரைப் பார்த்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்கே நினைவு வந்திருக்கும். மேஜை மேல் இருந்த என் கையில் ஒரு தடவை கை வைத்தார்கள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “சரி. அந்தப் பொண்ணு எனக்குச் சுங்குடிதான் எடுத்துப் போடும். நீங்க எடுங்க, பாப்போம்” என்றார்கள்.

எடுத்துப் போட்டேன். பதினேழு சேலை விரித்தேன். கடுகையும் நடுவில் விரித்தேன், அதை மட்டும் ஒரு விரலால் ஒதுக்கிவிட்டார்கள். கடைசியில் ஊதாவில் புள்ளி போட்ட சுங்குடி ஒன்று எடுத்தார்கள்.

மடித்தேன். சீட்டை எடுத்தேன். பேனா ஒரு முறை எழுதவில்லை, உதறிவிட்டு எழுதினேன்.

131.